பூனை வளர்க்கும் வீட்டுக்குச் செற்றி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: வீட்டில் மூன்று பூனைகள். புதிதாகச் செற்றி வாங்கப்போகிறோம். எந்தத் துணி தாங்கும்? (பரந்தன்)

ப: நெருக்கமாக நெய்த, மேலே நூல் வளையம் தெரியாத துணியைப் பாருங்கள். பூனையின் நகம் கொக்கி போன்றது. மாட்டுவதற்கு நூல் கிடைத்துவிட்டால் அந்த இடத்தை அது விடாது. மைக்ரோஃபைபர் நல்லது. வெல்வெற்றும் நல்லது என்றால் பலர் நம்புவதில்லை. அதன் மேற்பரப்பு முழுவதும் வெட்டிய நூல் முனைகள். வளையம் இல்லாததால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். லினன், சணல், முரட்டு நெசவு மூன்றையும் தவிருங்கள்.

கடையில் மாதிரித் துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழைகளுக்கிடையே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது வேண்டாம். பிறகு வீட்டுத் திறப்பின் நுனியை அழுத்தி மேலிருந்து கீழே இழுங்கள். ஒரு நூல் கிளம்பினாலும் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "50,000 தரம் தேய்த்துச் சோதித்த துணி" என்று விற்பவர் சொல்லக்கூடும். அது மாட்டின்டேல் என்னும் தேய்ப்புச் சோதனை. ஆட்கள் இருந்து எழும்புவதால் வரும் தேய்மானத்தை அது காட்டும். நகம் நூலை மாட்டி இழுப்பதை அது அளப்பதில்லை.

எந்தச் செற்றியானாலும், அது வருவதற்கு முன்பே பிறாண்டும் கட்டை வீட்டில் இருக்க வேண்டும். இதை எத்தனை தரம் எழுதினாலும் செற்றி கிழிந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

கே: எந்தச் செற்றி நல்லது? உடன் பதில் தரவும். (இடம் எழுதவில்லை)

ப: பூனை எத்தனை, கடுவனா பெட்டையா, அறை என்ன அளவு, கூரை ஓடா தகரமா, கையில் எவ்வளவு பணம் என்று ஒன்றையும் எழுதாமல் பதில் கேட்கிறீர்கள். இவற்றை எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

கே: தவணைக்கு 'லெதர்' செற்றி ஒன்று வாங்கினோம். இரண்டு வருடத்திலேயே பொருக்குப் பொருக்காக உரிகிறது. பூனை கிழித்தது என்று சொல்லி உத்தரவாதத்தை ஏற்க மறுக்கிறார்கள். (மல்லாவி)

ப: இந்தக் கடிதம் ஊர்ப்பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பழி பூனை மேல்தான்.

முதலில் எங்கே உரிகிறது என்று பாருங்கள். பூனை பிறாண்டும் இடம் கைப்பிடியின் முன்மூலை, முதுகுப்பக்கத்தின் வெளிமூலை. தடம் மேலிருந்து கீழாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீள் கோடுகளாக இருக்கும். உங்களுடையது தலை சாய்க்கும் இடத்திலும் தொடை படும் இடத்திலும் செதில் செதிலாகக் கழன்று, அடியில் வெள்ளைத் துணி தெரிந்தால் அதற்கும் பூனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது லெதரே அல்ல. துணியின் மேல் பொலியூரிதேன் பூசிய றெக்சின். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு தானாகவே சிதையும். தலை எண்ணெயும் வியர்வையும் அதை விரைவுபடுத்தும். வைகாசி, ஆனியில் தகரக் கூரைக்குக் கீழே வேகி, மாரியில் மூன்று மாதம் ஈரத்தில் ஊறும் வன்னி வீட்டில் அது எப்படி நிலைக்கும்? விற்பவர்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே லெதர் என்று சொல்லி, நெல் விற்ற காசை முற்பணமாக வாங்கி, மிச்சத்தை மாதாமாதம் கட்ட வைக்கிறார்கள். செற்றி உரிந்து முடிந்த பிறகும் தவணை முடியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பற்றுச்சீட்டில் 'லெதர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உரிந்த இடங்களைப் படம் எடுத்து, சீட்டின் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. எங்கே கொடுப்பது என்று மாவட்டச் செயலகத்தில் விசாரியுங்கள். இனி வாங்குபவர்கள், இருக்கையின் அடியில் வெட்டு விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான தோலின் பின்பக்கம் நார் நாராக, மெல்லிய பஞ்சு போல இருக்கும். நெய்த துணி தெரிந்தால் அது றெக்சின். என்ன பொருள் என்பதைச் சீட்டில் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

அசல் தோல் என்றாலும் பூனை வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். அதில் விழுந்த நகக்குத்து போகாது.

கே: நான் லண்டனில் இருக்கிறேன். புதுக்குடியிருப்பில் அம்மா அப்பாவுக்கு 'பூக்லே' துணியில் எல் வடிவச் செற்றி செய்து கொடுக்க விரும்புகிறேன். அவர்களிடம் இரண்டு பூனைகள். (லண்டன்)

ப: பூக்லே முழுக்க நூல் வளையம். அதைவிடப் பூனைக்குப் பிடித்த துணி இல்லை. வேண்டாம், தம்பி. அவர்களுடையது 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல் வடிவம் போட்டால் விறாந்தைக்குப் போக வழி இருக்காது.

ஊர்த் தச்சரிடம் முதிரையிலோ தேக்கிலோ சட்டம் செய்யக் கொடுங்கள். கறையான் பிடிக்காத வைரமான மரமாக இருக்கட்டும். அதன் மேல் தனித்தனி குஷன்கள். இருக்கை உயரம் குஷனோடு 18 அங்குலம்; வயதானவர்கள் கை ஊன்றி எழும்ப அதுதான் வசதி. ஸ்பொஞ் கன மீற்றருக்கு 32 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி. உறைகளுக்குச் சிப் வைத்து இரண்டு சோடி தைப்பியுங்கள். ஒரு குஷன் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். முழுதாகப் போர்த்த செற்றி என்றால் மூன்று பேர் இருப்பதற்கே ஏறக்குறைய 10 மீற்றர் துணி போகும்.

கே: கடுவன் குஷனில் சிறுநீர் கழிக்கிறது. டெற்றோல் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. (வவுனியா)

ப: டெற்றோலை உடனே நிறுத்துங்கள். அதிலுள்ள பினோல் வகைப் பொருளைப் பூனையின் ஈரல் சரிவர வெளியேற்றாது. காலில் பட்டதை நக்கினாலே நஞ்சு. அந்துருண்டையும் மண்ணெண்ணெயும் அப்படித்தான். குளோரீனும் ஊற்றாதீர்கள், சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும்.

உறையைக் கழற்றிக் குளிர்ந்த நீரில் அலசி, நொதி (என்சைம்) கலந்த சலவைத் திரவத்தில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள். ஸ்பொஞ் உள்வரை நனைந்திருந்தால் அதை மாற்றுவதே வழி. நின்றபடி வாலைத் தூக்கிப் பீச்சுகிறது என்றால் கருத்தடை செய்வியுங்கள். ஐந்தாறு மாதத்திலேயே செய்யலாம். ஆனால் அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால் குஷனை மறந்துவிட்டு அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கடுவனுக்குச் சிறுநீர் அடைத்தால் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும்.

கே: நகத்தை நிரந்தரமாக எடுத்துவிடலாமா? (மாங்குளம்)

ப: கூடாது. அது நகம் எடுப்பதல்ல, விரலின் கடைசி எலும்பை வெட்டி எடுப்பது. பிரித்தானியா உட்படப் பல நாடுகளில் சட்டவிரோதம்.

பூனை பிறாண்டுவது குறும்புக்காக அல்ல. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், முதுகை நீட்டி முறிக்கவும், பாதத்து வாசனையை அங்கே விடவும் அதற்கு ஓர் இடம் வேண்டும். மூன்றடி உயரக் கட்டை ஒன்றில் தும்புக் கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி, ஆடாத பலகையில் அறையுங்கள். ஆடினால் திரும்பியும் பார்க்காது. அதை வீட்டு மூலையில் ஒளித்து வைக்காமல், பிறாண்டும் செற்றி மூலைக்கு முன்னால் வையுங்கள். நகத்தின் நுனியை மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் வெட்டலாம். உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு வரைக்கும் போகாதீர்கள்.

கே: செற்றிக்குள் தெள்ளு. (ஒட்டுசுட்டான்)

ப: உறைகளைச் சுடுநீரில் துவையுங்கள், மடிப்புகளை வாரக்கணக்கில் விடாமல் துப்புரவாக்குங்கள். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனை செத்துப்போகும்.

கே: செற்றியின் அடித்துணியைக் கிழித்து உள்ளே போய்ப் பூனை குட்டி போட்டிருக்கிறது. எப்படி வெளியே எடுப்பது? (நெடுங்கேணி)

ப: இப்போது கை வைக்காதீர்கள். அந்தச் செற்றியில் எவரும் இருக்கவும் வேண்டாம். சுருள்கம்பி இறங்கிக் குட்டியை நசுக்கும். பக்கத்தில் இருட்டான இடத்தில் பழைய சாரம் விரித்த பெட்டி ஒன்றை வையுங்கள். தாய் தானாகவே மாற்றக்கூடும். மாற்றாவிட்டால் குட்டிகள் கண் திறந்து தவழத் தொடங்கிய பிறகு, தாய் பார்த்திருக்க ஒவ்வொன்றாகப் பெட்டிக்கு எடுங்கள். பிறகு செற்றியைக் கவிழ்த்து, அந்த மெல்லிய கறுப்புத் துணியை முழுதாக உரித்துவிட்டுத் தடித்த கன்வஸ் அடியுங்கள். ஆணிக்கு ஆணி ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். அடிப்பதற்கு முன் உள்ளே ஒரு குட்டியும் மிஞ்சவில்லை என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.