கீழக்கரை: பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனில் தண்ணீர் சொட்டுவது பற்றி

ஃபேன் ஓடியும் ஈரம் போகவில்லை, ஃபால்ஸ் சீலிங்கில் பூஞ்சை, கிரில்லில் தண்ணீர் சொட்டுகிறது என்கிறீர்கள். ஃபேனை மாற்ற அவசரப்படாதீர்கள். குழாய் சீலிங்குக்குள்ளேயே முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோளாறு அதுதான். ஈரக்காற்று வெளியே போகாமல் மேலேயே குளிர்ந்து, தண்ணீராகித் திரும்பி இறங்குகிறது.

5×7 அடி அறைக்கு 6 அங்குல ஃபேன் தாராளம். ஃபேன் வாய் என்ன அளவோ அதே அளவு பிவிசி குழாயை வெளிச்சுவர் வரை கொண்டுபோங்கள். மடக்குக் குழாய் வேண்டாம், அதன் சுருக்கங்களில் தண்ணீர் தேங்கும். 3 அடிக்கு அரை அங்குலம் வெளிப்பக்கம் சரிவு கட்டாயம். எல்போ (வளைவுத் துண்டு) ஒன்றுக்கு மேல் போடாதீர்கள்.

உங்கள் ஊரில் கடல் தெற்கே. தென்சுவரில் துளை போட்டால் ஆனி, ஆடிக் காற்று குழாய் வாயிலுள்ள ஷட்டரைத் தள்ளி உப்பை உள்ளே கொண்டுவரும். வடசுவரே நல்லது, வழியில்லையென்றால் வாய் கீழ்நோக்கிய மூடி மாட்டுங்கள். பிளாஸ்டிக் பாடி, 316 ஸ்டெயின்லெஸ் (உப்புக்காற்றைத் தாங்கும் எஃகு ரகம்) திருகு. சாதா திருகு சீக்கிரமே துருப்பிடித்துவிடும். சுவர் இடுக்கை சிலிக்கோன் சீலன்ட் போட்டு அடையுங்கள்.

கதவடியில் முக்கால் அங்குல இடைவெளி இருக்கிறதா? உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்? குளித்தபின் 20 நிமிடம் ஓடட்டும். சுவிட்ச் வெளியே இருக்கட்டும்.