பேசும் லேப்டாப்புக்கு 65,000 ரூபாயா? கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சர்க்கரையால் இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முன்பு ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதினேன். இப்போது காசிமேட்டு மனிதர்களை வைத்துக் கதை எழுத ஆசை. ‘பார்வையற்றோருக்கான ஸ்பெஷல் லேப்டாப்’ 65,000, புத்தகம் போட 40,000, ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணுக்கு 5,000 என்கிறார் ஒருவர். பிரெயில் தெரியாமல் எழுத்தாளர் ஆகவே முடியாதாம். அவரை நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். லேப்டாப் பேசுவதற்கு ஸ்பெஷல் சரக்கு எதுவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள ஒரு கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். அது பேச ஆரம்பிக்கும். கூடவே வருகிற வசதி அது, தனிக்காசு இல்லை.

எழுத்து வேலைக்கு இன்னும் தோதானது என்.வி.டி.ஏ. பார்வையற்ற ஒரு புரோகிராமர் ஆஸ்திரேலியாவில் 2006-ல் தொடங்கிய திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். முழுக்க இலவசம். இதைப் பென் டிரைவில் போட்டு யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் தமிழை, பேச்சு வசதியோடு சேர்த்தால் ‘வள்ளுவர்’ என்ற ஆண்குரல் வரும். என்.வி.டி.ஏ.வில் அந்தக் குரலைத் தேர்ந்தெடுங்கள். 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய லேப்டாப் போதும். வாங்கும்போது கடையிலேயே ஒவ்வொரு கீயையும் அழுத்தி, ஹெட்போன் துளையையும் சோதியுங்கள்.

பிரெயில் கட்டாயமில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. கண்ணைக் கெடுத்த சர்க்கரை பலருக்கு விரல்நுனி உணர்ச்சியையும் மழுக்கிவிடுகிறது. பிரெயில் புள்ளிகளுக்கு நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான். மழுங்கிய விரலுக்கு ஆறு புள்ளியும் ஒரே மேடாகத்தான் தெரியும். மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய்விட்டு ‘எனக்கு மூளை இல்லை’ என்று திரும்புகிறவர்களில் சிலருக்குக் கோளாறு விரலில்தான். முதலில் டாக்டரிடம் விரல் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். நன்றாக இருந்தால் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, தாராளமாக விசாரியுங்கள். அதுவரை வீட்டில் சர்க்கரை பார்க்க ஆள்காட்டி விரலில் குத்தாதீர்கள். மோதிர விரல் அல்லது சுண்டுவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். படிக்கிற விரல் காய்த்துப்போகக் கூடாது.

விரல் மழுங்கியிருந்தாலும் கீபோர்டு கைவிடாது. எஃப், ஜே கீகளில் உள்ள சின்ன மேடு தட்டுப்படவில்லையா? கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு இரண்டை அவற்றின் மேல் ஒட்டுங்கள். பிறகு தமிழ் 99 என்ற தட்டச்சு முறையைப் பழகுங்கள். இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் பெரும்பாலும் மெய். விரல்களை நிறுத்தும் நடுவரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, வலப்பக்கம் க, ப, ம, த. ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும் முறைக்கு மட்டும் போகாதீர்கள். அதில் சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்ற குழப்பத்திலேயே ல, ள, ழ மாறிப்போகும்.

போனில் பேசி எழுதலாமே என்பார்கள். குறிப்பெடுக்க அது சரி. கதைக்கு ஆகாது. புள்ளி, கமா எதுவும் ஒழுங்காக விழாது. உங்கள் பாத்திரம் ‘இன்னாபா, வந்துகினே இருக்கேன்’ என்றால் அதை எழுத்துத் தமிழாக்கப் பார்க்கும், இல்லாவிட்டால் வேறு எதையோ போடும். காசிமேட்டுப் பேச்சே உங்கள் மூலதனம், அதை விரலால்தான் அடிக்க வேண்டும்.

உண்மையான கஷ்டம் முதல் வரைவில் இல்லை, திருத்துவதில் இருக்கிறது. அரை, அறை இரண்டும் காதுக்கு ஒன்றே. அதனால் பார்வையுள்ள ஒருவரிடம் ‘ர-ற, ந-ன-ண, ல-ள-ழ மட்டும் பார், நடையைத் தொடாதே’ என்று கறாராகச் சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் உள்ள இடத்தில் @@ போட்டு வைத்தால் கண்ட்ரோல்-எஃப் மூலம் நேரே அங்கே போகலாம். ஒவ்வொரு காட்சிக்கும் தனி ஃபைல் வையுங்கள். அடிக்கும் முன் இன்சர்ட்-டி அழுத்தி, எந்த ஃபைலில் இருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஜன்னலில் ஒரு பக்கம் அடித்துத் தொலைப்பது வழக்கமான விபத்து.

அடுத்த பொறி டி.டி.பி. கடை. உங்கள் யூனிகோடு ஃபைலைப் பழைய ஃபான்ட்டுக்கு மாற்றிப் பக்கம் கட்டுவார்கள். திரும்பி வரும் ப்ரூஃபை என்.வி.டி.ஏ. ஆங்கிலக் கிறுக்கலாக வாசிக்கும். ‘யூனிகோடு வேர்டு ஃபைலாகத்தான் ப்ரூஃப் வேண்டும்’ என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை தருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் கட்டணம் இல்லை. ‘சீக்கிரம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது கை நீட்டினால் அது லஞ்சம் அல்லது மோசடி. தரகன் பிழைப்பதற்கு அரசும் ஒரு காரணம். படத்தில் தெரியும் எழுத்தைப் பார்த்து அடித்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற அரசு இணையதளத்தில் கண் தெரியாதவர் என்ன செய்வார்? மகனையோ இ-சேவை மையத்தையோதான் தேட வேண்டியிருக்கிறது. அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

எழுதியதை முதலில் சிற்றிதழ்களுக்கும் வார இதழ்களுக்கும் அனுப்புங்கள். புத்தகம் பிறகு. பதிப்பகம் ஒப்பந்தம் நீட்டினால் ‘நான் வாசித்துக் காட்டுகிறேன், இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்பதற்கு மசியாதீர்கள். வேர்டு ஃபைலாக மெயிலில் வாங்கி, வீட்டில் நீங்களே கேளுங்கள். ‘சகல உரிமையும், நிரந்தரமாக’ என்று இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். காலம் எதுவும் எழுதாத உரிமை மாற்றத்துக்கு நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஐந்து வருடம்தான் ஆயுள். ஃபைல் தர முடியாது என்கிற இடத்தில் கையெழுத்தும் கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.