சிறையிலிருந்து வந்த தம்பி பட்டப்படிப்பைத் தொடர முடியுமா?

மதுரை மத்திய சிறையில் இருந்தபோது இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில்) தபால் வழியில் பி.ஏ. முதல் வருடம் முடித்த தம்பி இப்போது காரைக்குடிக்கு வந்துவிட்டான், இனி எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகத் தொடரலாம். தேறிய பாடங்கள் வீண்போகாது. 3 வருடப் படிப்பை முடிக்க 6 வருடம் வரை நேரம் உண்டு. வயது உச்சவரம்பு கிடையாது. சிறையில் கட்டணம் இல்லாமல் படித்திருப்பான். இனி எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை இக்னோவின் மதுரை மண்டல மையத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அதைவிட அவசரம், முகவரியையும் படிப்பு மையத்தையும் மாற்றுவது. எங்கள் தெருப் பையன் ஒருவன் இதைச் செய்யாமல் விட்டதால் புத்தகப் பார்சல் சிறைக்கே போய்விட்டது. அவனுடைய அடையாள அட்டையிலும் சிறை முகவரிதான். ஜெராக்ஸ் கடையில்கூட அட்டையைக் கவிழ்த்து வைத்துத்தான் நீட்டினான். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க இக்னோதான் தோது. இது ஒத்துவராவிட்டால், நம் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. ஆனால் முடித்த ஒரு வருடத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், மண்டல மையத்துக்கு முதல் தடவை அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்.