படத்திலிருந்து தையலுக்கு: எம்பிராய்டரி கேள்வி பதில்

கேள்வி: இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் ஒரு பூவின் படத்தைத் திறந்து, இங்க்/ஸ்டிட்ச் நீட்சியின் துணையோடு எம்பிராய்டரி கோப்பாகச் சேமிக்க முயன்றேன். தைக்கக்கூடிய உருவம் எதுவும் இல்லை என்னும் செய்திதான் வருகிறது. திரையில் பூ தெளிவாகத் தெரியும்போது மென்பொருளுக்கு அது ஏன் தெரியவில்லை?

பதில்: ஜேபெக், பிஎன்ஜி போன்ற கோப்புகளில் எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்ற விவரம் மட்டுமே இருக்கிறது, இதழ் எங்கே தொடங்குகிறது, காம்பு எங்கே முடிகிறது என்ற செய்தி அவற்றில் இல்லை. இங்க்/ஸ்டிட்ச் வெக்டர் பாதைகளை, அதாவது புள்ளிகளை இணைக்கும் கோடுகளாக வரையறுக்கப்பட்ட உருவங்களை மட்டுமே படிக்கும். உள்ளே நிறம் நிரப்பப்பட்ட மூடிய உருவத்தை நிரப்புத் தையலாகவும், கோட்டை ஒற்றை வரியாக ஓடும் ஓட்டுத்தையலாகவோ, நூல் குறுக்காகப் போய் வரும் சாட்டின் தையலாகவோ மாற்றும்; பிக்சல் படம் எதிர்ப்பட்டால் அதைத் தாண்டிச் சென்றுவிடும். எனவே முதலில் உங்கள் பூவைப் பாதைகளாக்க வேண்டும். பாத் மெனுவிலுள்ள ட்ரேஸ் பிட்மேப் கட்டளை இதைத் தானாகவே செய்யும். இல்லையெனில், படத்தை ஒரு லேயரில் மங்கலாக வைத்துப் பூட்டிவிட்டு, அதன்மேல் பேனாக் கருவியால் நீங்களே வரையலாம். எழுத்துக் கருவியால் தட்டச்சு செய்த எழுத்துகளுக்கும் இதே விதிதான்: அவற்றைத் தேர்ந்தெடுத்து ஆப்ஜெக்ட் டு பாத் கட்டளையால் பாதைகளாக்கினால்தான் தையல் உருவாகும்.

கேள்வி: ட்ரேஸ் பிட்மேப்பில் எட்டு நிறங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு சின்னத்தைப் பாதைகளாக்கினேன். திரையில் அருமையாக வந்தது. ஆனால் தைக்கும்போது இயந்திரம் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருக்கிறது. துணியெங்கும் நூல் துணுக்குகள். மூலப் படத்தில் இருப்பவை மூன்றே நிறங்கள்.

பதில்: கோளாறு உங்கள் கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது. மூன்று நிறப் படத்திடம் எட்டு நிறங்களைக் கேட்டால், மென்பொருள் மீதி ஐந்தையும் எங்கிருந்தாவது தேடிக் கொடுத்துவிடும். சிவப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே இளஞ்சிவப்புப் புள்ளிகள் ஒரு வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். ஜேபெக் சுருக்கத்தால் ஏற்படும் கறைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். அந்த மெல்லிய வளையம் ஒவ்வொன்றும் தனி நிறமாகவும், பல நூறு துண்டுகளாகவும் மாறிவிடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் இயந்திரம் முடிச்சுப் போட்டு, நான்கைந்து தையல் தைத்து, நூலை அறுத்து, அடுத்த துண்டுக்குத் தாவ வேண்டியிருக்கிறது.

நிற எண்ணிக்கையைப் படத்தில் உண்மையில் உள்ள அளவுக்கே வையுங்கள். பின்னணியையும் ஒரு நிறமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறு புள்ளிகளை நீக்கும் ஸ்பெக்கிள்ஸ் அளவைக் கூட்டுங்கள். பாதைகள் கிடைத்த பிறகு சிம்ப்ளிஃபை கட்டளையை ஒருமுறை, தேவைப்பட்டால் இன்னொரு முறை கொடுத்து, பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் முனைப்புள்ளிகளைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் வடிவமே குழையத் தொடங்கும். ட்ரேஸ் பிட்மேப் ஒரு நிறத்தின் எல்லாத் துண்டுகளையும் ஒரே பாதையாகக் கட்டிக் கொடுப்பதால், அவற்றைப் பிரித்தால்தான் வேண்டாதவற்றை நீக்க முடியும். இதற்கு இங்க்ஸ்கேப்பின் வழக்கமான பிரேக் அபார்ட் கட்டளையைப் பயன்படுத்தினால் உருவங்களின் நடுவிலுள்ள ஓட்டைகள் அடைபட்டுவிடும். இங்க்/ஸ்டிட்ச் நீட்சியிலேயே நிரப்பு உருவங்களைப் பிரிப்பதற்கென்று ஒரு கட்டளை இருக்கிறது. அது ஓட்டைகளைக் காப்பாற்றும். பிரித்த பின் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளைத் தயக்கமின்றி நீக்குங்கள். நூலே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும்போது அவ்வளவு சிறிய உருவம் துணியில் வெறும் முடிச்சாகத்தான் தெரியும்.

அடுத்தது வரிசை. ஆப்ஜெக்ட்ஸ் பட்டியலில் கீழே இருப்பது முதலிலும் மேலே இருப்பது கடைசியிலும் தைக்கப்படும். ஒரே நிற உருவங்கள் அடுத்தடுத்து இருந்தால் இயந்திரம் நூல் மாற்றுவதற்காக அடிக்கடி நிற்காது. ஒவ்வொரு நிரப்புக்கும் தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் கட்டளைக் குறிகளால் நீங்களே தீர்மானிக்கலாம். முதல் இதழ் முடியும் இடத்திலேயே இரண்டாம் இதழ் தொடங்கினால் தாவலுக்கே வேலையில்லை. பின்னர் வேறொரு நிரப்பால் மூடப்படவிருக்கும் பகுதி வழியாக ஓட்டுத்தையல் ஒன்றை விட்டு அடுத்த இடத்துக்குச் செல்வதும் நல்ல உத்தி. ஆனால் நேர்மையாகச் சொன்னால், நான்கைந்து உருவங்களே கொண்ட ஒரு சின்னத்துக்கு இத்தனை துப்புரவும் வீண் உழைப்பு. பேனாக் கருவியால் படத்தின்மேல் வரைவது பெரும்பாலும் அதைவிட விரைவில் முடியும். முனைப்புள்ளிகளும் வேண்டிய இடத்தில் மட்டும் இருக்கும்.

கேள்வி: தைத்த இடம் அட்டைபோல விறைத்துவிடுகிறது. ஊசியும் அடிக்கடி உடைகிறது. இத்தனைக்கும் தையல் அடர்த்தியை நான் மாற்றவே இல்லை.

பதில்: ட்ரேஸ் பிட்மேப்பில் ஸ்டாக் என்றொரு தேர்வு உண்டு. அது இயங்கினால் ஒவ்வொரு நிறமும் தனக்கு மேலுள்ள நிறங்களின் அடியிலும் முழுமையாகப் பரவி நிற்கும். அச்சிடுவதற்கு இது மிகவும் ஏற்றது. நிறங்களுக்கிடையே வெள்ளை இடைவெளி விழாது. துணியில் ஒரு நிரப்பின்மேல் மற்றொன்று, அதன்மேல் இன்னொன்று என்று மூன்று நான்கு அடுக்குகள் ஏறிவிடுகின்றன. அந்தத் தேர்வை நீக்கிவிட்டு மறுபடி ட்ரேஸ் செய்யுங்கள், அல்லது மேலே உள்ள உருவத்தின் நகலைக்கொண்டு கீழே உள்ளதை டிஃபரன்ஸ் கட்டளையால் வெட்டுங்கள். முழுவதும் வெட்டிவிடாமல், ஓரத்தில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி விட வேண்டும்.

அடர்த்தியை மாற்றவில்லை என்கிறீர்கள். எதை மாற்றாமல் விட்டீர்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். இங்க்/ஸ்டிட்ச் நிரப்புத் தையலின் வரிசை இடைவெளியைத் தொடக்கத்தில் 0.25 மில்லிமீட்டராகவும், தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராகவும் வைத்திருக்கிறது. பக்கத்துக்கு 100 மில்லிமீட்டர் கொண்ட சதுரத்தை இந்த அளவில் நிரப்பினால் 400 வரிசைகள், 40 மீட்டர் நூல், ஏறத்தாழ 13,300 தையல்கள். இடைவெளியை 0.4 மில்லிமீட்டராக்கினால் அதே சதுரம் 250 வரிசைகளிலும் 25 மீட்டர் நூலிலும் முடிந்துவிடுகிறது. வழக்கமான 40 எண் நூல் அந்த இடைவெளியிலும் துணியைப் பெரும்பாலும் மறைத்துவிடும். மெல்லிய துணிக்கு நான் 0.25 மில்லிமீட்டரைப் பரிந்துரைப்பதில்லை. நூலுக்கும் துணிக்கும் நிறம் நெருக்கமாக இருந்தால் இடைவெளியை இன்னும் சிறிது கூட்டலாம். கறுப்புத் துணியில் வெள்ளை நூல் என்றால் கூட்டக் கூடாது.

கேள்வி: திரையில் துல்லியமான வட்டம், துணியில் முட்டை வடிவம். சுற்றிலும் போட்ட கறுப்புக் கோட்டுக்கும் உள்ளே உள்ள நிரப்புக்கும் இடையே இரண்டு பக்கங்களில் துணி தெரிகிறது. இயந்திரத்தைப் பழுது பார்க்க வேண்டுமா?

பதில்: பழுதுபார்ப்பவரை அழைப்பதற்கு முன், துணி தெரிகிற அந்த இரண்டு பக்கங்களும் எவை என்று பாருங்கள். நிரப்பின் வரிசைகள் இடமிருந்து வலமாக ஓடினால், இடைவெளி இடப்புறத்திலும் வலப்புறத்திலும் இருக்கும். ஒவ்வொரு தையலும் இறுகும்போது தன் நீளத்தின் வழியே துணியை உள்நோக்கி இழுக்கிறது. அதே வேளையில் வரிசைகள் ஒன்றையொன்று நெருக்கி, குறுக்குத் திசையில் துணியை வெளியே தள்ளுகின்றன. வட்டம் அகலத்தில் சுருங்கி உயரத்தில் நீள்வது இதனால்தான். எந்த இயந்திரத்திலும் இது நடக்கும். ஆகவே தையலுக்காக வரைபவர், துணியில் வட்டம் கிடைக்க வேண்டுமென்றால், திரையில் வட்டமல்லாத ஒன்றை வரைய வேண்டியிருக்கிறது. அச்சுக்கு வரைந்து பழகியவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வதே பெரிய தடையாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

மூன்று இடங்களில் இதைச் சரிசெய்யலாம். முதலாவது, துணியின் பிடிப்பு. வளையத்தில் துணியைத் தொய்வில்லாமல் பொருத்த வேண்டும். ஆனால் இழுத்து நீட்டிப் பொருத்தினால், வளையத்திலிருந்து எடுத்ததும் துணி பழைய நிலைக்குச் சுருங்கி முழு வடிவத்தையும் சுருக்கிவிடும். அடியில் தாங்கு துணி கட்டாயம் வேண்டும்: பனியன் துணிபோல நீளும் துணிக்கு வெட்டி எடுக்கும் வகை, நீளாத பருத்தித் துணிக்குக் கிழித்து எடுக்கும் வகை. இரண்டாவது, அடித்தையல். நிரப்புக்கு முன், மேல் வரிசைகளுக்குக் குறுக்கான திசையில், அகன்ற இடைவெளியில் ஓடும் இந்தத் தையல், துணியைத் தாங்கு துணியோடு பிணைத்து வைக்கிறது. தையல் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக இதை நீக்குகிறவர்கள் உண்டு. அந்தச் சிக்கனம் துணியில் சுருக்கமாகத் தெரியும். மூன்றாவதுதான் வரைபடத்தில் செய்யும் ஈடு. நிரப்பு உருவத்தை இழுக்கும் திசையில் சிறிது அகலப்படுத்துங்கள், அல்லது இங்க்/ஸ்டிட்சின் தையல் அமைப்புகள் உள்ள பாராம்ஸ் சாளரத்தில் உருவத்தை விரிக்கும் அளவைக் கொடுங்கள். சாட்டின் தையலுக்கு இழுவை ஈடு என்று தனி அமைப்பே இருக்கிறது; 0.2 மில்லிமீட்டரில் தொடங்கி, அதே துணியில் ஒரு மாதிரித் தையல் போட்டுப் பார்த்துக் கூட்டுங்கள். எல்லைக்கோட்டைக் கடைசியில் தைப்பதும், அது நிரப்பின் ஓரத்தில் ஏறி நிற்கும்படி அமைப்பதும் மீதிக் குறையை மறைத்துவிடும்.

அருகருகே உள்ள எல்லா உருவங்களுக்கும் ஒரே கோணம் கொடுக்காமல் மாற்றி மாற்றிக் கொடுத்தால் இழுவை ஒரே திசையில் சேராது. நூலின் பளபளப்பும் ஒவ்வோர் இதழிலும் வேறுபட்டுத் தெரியும்.

கேள்வி: ஒரு முகத்தின் புகைப்படத்தை அப்படியே எம்பிராய்டரியாக்க முடியுமா?

பதில்: அப்படியே முடியாது. கன்னத்தில் ஒளியிலிருந்து நிழலுக்குப் படிப்படியாக மாறும் நிறங்களை ட்ரேஸ் பிட்மேப் பட்டை பட்டையாக வெட்டும். நூலில் அது முகமாக இராது. கறுப்பு வெள்ளையாக மாற்றி, வெளிச்ச வரம்பை நகர்த்தி, நிழல் பகுதிகளை மட்டும் இரண்டு மூன்று தட்டையான உருவங்களாக எடுத்தால், துணியின் நிறமே தோலாக நின்று, நல்லதொரு நிழலுருவம் கிடைக்கும். கோட்டோவியமாக இருந்தால் இன்னும் எளிது. சாதாரண ட்ரேஸ் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் விளிம்பு எடுத்து, அதை மெல்லிய மூடிய உருவமாக்கிவிடும். இங்க்ஸ்கேப் 1.0 முதல் உள்ள சென்டர்லைன் ட்ரேசிங் கோட்டின் நடுவழியே ஒற்றைப் பாதையைத் தரும். அதை ஓட்டுத்தையலாகவோ, ஒவ்வொரு தையலையும் முன்பின்னாகத் திரும்பப் போடும் பீன் தையலாகவோ மாற்றினால் பேனாவால் வரைந்த தோற்றம் வரும்.

கேள்வி: சின்னத்தின் அடியிலுள்ள சிறிய எழுத்துகள் படிக்க முடியாதபடி அடைந்துபோகின்றன.

பதில்: எழுத்துகளை ட்ரேஸ் செய்யாதீர்கள். ட்ரேஸ் செய்தால் அவை நிரப்பு உருவங்களாக வரும்; ஒரு மில்லிமீட்டர் அகலத் தண்டுக்குள் நிரப்புத் தையல் ஓட இடமில்லை. எழுத்துக்கு உரியது சாட்டின் தையல்: இரண்டு கரைகளுக்கிடையே நூல் குறுக்காகப் போய் வருவது. இங்க்/ஸ்டிட்சில் கரைகளாக இரண்டு பாதைகளையும், திசையைக் காட்டும் குறுக்குக் கோடுகளையும் வரைய வேண்டும். அல்லது ஒரு கோட்டை வரைந்து, அதன் தடிமனைத் தேவையான அளவுக்கு வைத்து, சாட்டினாக மாற்றும் கட்டளையைக் கொடுக்கலாம். அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் ஏழு மில்லிமீட்டருக்கும் இடையே இருப்பது நல்லது. அதைவிட அகன்றால் நீண்ட நூல்கள் எதிலாவது மாட்டி இழுபடும். இங்க்/ஸ்டிட்சின் லெட்டரிங் பகுதியில் தையலுக்கென்றே அமைத்த எழுத்துருக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எந்த அளவு வரை சுருக்கலாம் என்ற வரம்பும் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழே போக வேண்டியிருந்தால் 60 எண் மெல்லிய நூலும் அதற்கேற்ற சிறிய ஊசியும் வேண்டும். உள்ளே சுழிகளும் கண்களும் நிறைந்த எழுத்து வடிவங்களுக்கு அந்த உயரமும் போதாது.

கேள்வி: டிஎஸ்டி என்னும் எம்பிராய்டரி வடிவத்தில் சேமித்த கோப்பை இயந்திரத்தில் ஏற்றினால் நிறங்கள் தாறுமாறாகத் தெரிகின்றன. அதே கோப்பைப் பெரிதாக்கியபோது தையல்களுக்கிடையே துணியும் தெரிந்தது.

பதில்: டிஎஸ்டி கோப்பில் ‘இங்கே நூலை மாற்று’ என்ற கட்டளைதான் இருக்கிறது, எந்த நிறம் என்பதை இயந்திரம் தானாக ஊகித்துக் காட்டுகிறது. நிற வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதன்படி நூல் கோத்தால் தையல் சரியாகவே வரும். உங்கள் இயந்திரம் பிஇஎஸ் அல்லது ஜெஇஎஃப் வடிவத்தைப் படிக்குமானால் அதில் சேமியுங்கள். நிறங்களும் உடன் செல்லும்.

பெரிதாக்குவது வேறு விஷயம். இயந்திரக் கோப்புகளில் உருவங்கள் இல்லை. ஊசி இறங்கும் இடங்கள் மட்டுமே வரிசையாக உள்ளன. அதை இழுத்துப் பெரிதாக்கினால், தையல்களை மறுபடி கணக்கிடாத மென்பொருளிலும் இயந்திரத்திலும், அதே எண்ணிக்கைத் தையல்கள் விலகி நிற்கும். சிறிதாக்கினால் நெருங்கி அடையும். பத்து விழுக்காட்டுக்கு மேல் மாற்ற வேண்டுமென்றால், பாதைகள் அடங்கிய இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி கோப்புக்குத் திரும்பி, அங்கே அளவை மாற்றி, தையலைப் புதிதாக உருவாக்குங்கள். இதற்காகவே மூலக் கோப்பை எப்போதும் எஸ்விஜியாக வைத்துக்கொண்டு, இயந்திரத்துக்கானதைச் சேவ் எ காப்பி கட்டளையால் தனியே எடுக்க வேண்டும். பெரிதாக்கிய வடிவம் வளையத்தின் தையல் பரப்புக்குள் அடங்குகிறதா என்பதையும் சேமிப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். பரப்பை மீறிய கோப்பைச் சில இயந்திரங்கள் திறக்கவே மறுத்துவிடும்.