ஃப்ரிட்ஜ், ஏசி வெளியே தள்ளும் சூட்டிலிருந்து பேக்கப் கரன்ட் எடுக்க முடியுமா?

எடுக்கலாம். நானே எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் கரன்ட் போகிற நேரத்துக்கு அது உங்களுக்கு உதவாது.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஃப்ரிட்ஜின் பின்பக்கம் எந்நேரமும் சுடுகிறது, ஏசியின் வெளிப்பெட்டியான அவுட்டோரிலிருந்து அனல் காற்று கொட்டுகிறது, மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் வேகமாக இறங்குகிறது; வீணாகப் போகிற இதையெல்லாம் பிடித்து ஒரு பேட்டரியில் சேர்த்தால், கரன்ட் போனபோது ஒரு ஃபேனாவது ஓடாதா? கீழே ரெண்டு பேர் வீடியோ லிங்க் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் 'நிச்சயம் முடியும், கம்பெனிக்காரர்கள்தான் மறைக்கிறார்கள்' என்கிறார். அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சென்னை தண்டையார்பேட்டையில் ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். படித்தது ஐடிஐ. 'மெக்கானிக்குக்கு எதுக்குத் தெர்மோடைனமிக்ஸ்' என்று கமெண்ட் எழுதக் கை பரபரக்கிறவர்கள், அடுத்த தடவை கேஸ் ஏற்ற வருபவரிடம் நேரிலேயே கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

உங்கள் நிலைமையை ஊகித்துக்கொள்கிறேன். வாடகை போர்ஷன். மாடிச் சாவி ஓனரிடம். சோலார் பேனல் என்று பேச்செடுத்தால் 'தளம் ஓதம் காத்துடும்' என்பார். பால்கனி கிடையாது. அப்புறம் வீட்டுக்குள் இருப்பதிலிருந்துதானே ஏதாவது கிடைக்குமா என்று யோசிப்பீர்கள்? தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இந்த நிலைமையில்தான் இருக்கிறார்கள்.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் இதே யோசனையோடுதான் கடைக்கு வந்தான். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பெல்டியர் தட்டு வாங்கி வந்திருந்தான். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் இருந்தால் கரன்ட் கொடுக்கிற சின்னச் சதுரத் தட்டு. சீபெக் என்பவர் 1821லேயே கண்டுபிடித்த விஷயம், நேற்று வந்த ரகசியமெல்லாம் இல்லை. கடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சூட்டை வெளிவிடும் குழாயான கண்டன்சர் காயிலில் அலுமினியத் தகடு வைத்து, தெர்மல் பேஸ்ட் தடவி, நாலு தட்டையும் பொருத்தி, மேலே ஹீட் சிங்க் வைத்தோம். நாலையும் வரிசையாக இணைத்தும் ஒரு வோல்ட்டைத் தாண்டவில்லை.

"இன்னா மாமா, மீட்டர் ஏறவே மாட்டேங்குது?"

ஏறாதுடா. காயில் 50 டிகிரி, ரூம் 35 டிகிரி. நடுவில் இருப்பதே 15 டிகிரி வித்தியாசம். அதிலும் பாதிக்கு மேல் பேஸ்ட்டிலும் ஹீட் சிங்கிலும் போய்விடுகிறது. தட்டின் இரண்டு முகங்களுக்கு நடுவே மிஞ்சுவது ஐந்தாறு டிகிரி. வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்டர் போர்டு ஒன்றைப் போட்டதும் சிவப்பு எல்இடி ஒன்று மினுக்கியது. பையனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான், மறைப்பானேன்.

அப்புறம் அவனுக்கு இன்னொரு யோசனை. இன்னும் சூடானால் இன்னும் கரன்ட் வருமே என்று காயிலைச் சுற்றி அட்டை வைத்து மூடினான். எல்இடி நன்றாகவே பிரகாசமானது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, கம்ப்ரசரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கொஞ்ச நேரம் ஓடி கட் ஆகும் மெஷின், கட் ஆகவே இல்லை. ஒயரைக் கவ்விக் கரன்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிக் காட்டினேன், ஆம்ப்ஸும் ஏறியிருந்தது. உள்ளே கையை விட்டால் குளிர்ச்சி குறைவு. எல்இடிக்குக் கிடைத்தது ஒரு வாட்டில் கடுகளவு. அதற்காகக் கம்ப்ரசர் மீட்டரிலிருந்து கூடுதலாக இழுத்ததோ அதைவிடப் பல மடங்கு.

ஃப்ரிட்ஜுக்கு வேலையே உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளுவதுதான். பின்பக்கம் சுடுவது கசிவு இல்லை. அந்தச் சூடு போகிற வழியில் நீங்கள் எதை மறித்து வைத்தாலும் சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்த மாதிரி, மிதிக்கிறவனுக்குத்தான் பாரம்.

கணக்கு கேட்பவர்களுக்கு. சூட்டை வேலையாக மாற்றுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று 1824லேயே கார்னோ என்ற பிரெஞ்சு இன்ஜினியர் எழுதிவிட்டார். 50 டிகிரி காயில், 35 டிகிரி ரூம் என்றால் அந்த உச்சவரம்பு ஐந்து சதவீதத்துக்கும் கீழே. பெல்டியர் தட்டு அதிலும் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் பெரிய விஷயம், அதாவது அரை சதவீதம். சின்ன ஃப்ரிட்ஜ் ஓடும்போது காயிலில் வெளியேறும் சூடு 200 வாட் என்று வைத்தால் ஒரு வாட். கம்ப்ரசர் பாதி நேரம்தான் ஓடும், ஆகவே நாள் முழுக்கச் சேர்த்தால் 12 வாட்-ஹவர், அதாவது ஒரு வாட் பொருளை 12 மணி நேரம் ஓட்டுகிற கரன்ட். 5000 எம்ஏஹெச் போன் பேட்டரியே 19 வாட்-ஹவர். காயில் முழுக்கத் தட்டு பதித்து, நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரு போன் முழுசாகச் சார்ஜ் ஆகாது. தோராயக் கணக்குதான், உங்கள் ஃப்ரிட்ஜுக்கு முன்னே பின்னே இருக்கும். பத்து மடங்கு இருக்காது.

பையன் இதையெல்லாம் அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினான், அட்டை வைத்ததும் ஆம்ப்ஸ் ஏறியதையும் சேர்த்து. அதே வகுப்பில் இன்னொரு குழு 'இலவச மின்சாரம்' என்று ஒரு மாடல் கொண்டுவந்தது. மர டப்பாவுக்கு அடியில் 9 வோல்ட் பேட்டரி ஒளிந்திருந்தது எல்லாப் பையன்களுக்கும் தெரியும். வழிகாட்டும் ஆசிரியருக்குத் தெரியாமலா இருக்கும்? கல்லூரி பெயரெல்லாம் வேண்டாம். முதல் பரிசு அந்த டப்பாவுக்குப் போனது. இவனிடம் 'ரிசல்ட் நெகட்டிவ்வா இருக்கே' என்று மார்க்கைக் குறைத்தார்கள். சரியாக அளந்து சரியாக எழுதியவனுக்குக் குறைந்த மார்க். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்தான்.

ஏசிக்கு வருகிறேன். ஒன்றரை டன் ஏசி கிட்டத்தட்ட ஏழு கிலோவாட் சூட்டை வெளியே கொட்டுகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அதுவும் அதே 50 டிகிரிப் பக்கத்துச் சூடுதான், அதே கதைதான். அவுட்டோர் முன்னால் சின்னக் காற்றாடி வைக்கிற வீடியோக்களை நானும் பார்த்தேன். ராயபுரத்தில் ஒரு கஸ்டமர் வைத்தே விட்டார். 'ஏசி கூலிங் இல்லை, கேஸ் போயிடுச்சு போல' என்று என்னைக் கூப்பிட்டார். கேஸ் போகவில்லை. காற்றாடி காற்றைத் தடுத்ததில் காயில் ஆறவில்லை, பிரஷர் ஏறி கம்ப்ரசர் ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது. அந்த அவுட்டோர் ஃபேன் மோட்டாரே ஐம்பது வாட் சொச்சம்தான் சாப்பிடும். அதிலிருந்து எவ்வளவு திரும்ப எடுப்பீர்கள்? கழற்றினேன், சரியாகிவிட்டது. சர்வீஸ் சார்ஜ் கொடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், 'நட்டு கழட்டினதுக்கு இவ்ளோவா' என்று.

மாடித் தொட்டி: ஆயிரம் லிட்டர், மூணு மாடி உயரம், பத்து மீட்டர். முழுத் தொட்டியும் இறங்கினால் 27 வாட்-ஹவர். ஒரு சொட்டுகூட வீணாகாமல் பிடித்தாலும் பழைய 75 வாட் ஃபேன் இருபது நிமிஷம் ஓடும். நிஜத்தில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார் அதைவிட அதிகமாகச் செலவழித்திருக்கும், குளிக்கிற இடத்தில் பிரஷரும் குறையும்.

இந்தத் தத்துவமே பொய் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இதே சீபெக் முறையில்தான் இன்னும் கரன்ட் எடுக்கின்றன. ஆனால் அங்கே ஒரு பக்கம் புளூட்டோனியச் சூடு, மறு பக்கம் விண்வெளி. வித்தியாசம் நூற்றுக்கணக்கான டிகிரி. நம்ம வண்ணாரப்பேட்டை, விம்கோ நகர் மெட்ரோ ரயிலில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிக் கரன்டை லைனுக்குத் திருப்பி அனுப்புகிறது. அது நிஜமாகவே வீணாகப் போயிருக்க வேண்டிய சக்தி, நிறுத்தத்தான் போகிறோம் என்பதால் மறித்தால் நல்லது. ஃப்ரிட்ஜ், ஏசி சூடு அப்படி இல்லை. அதைச் சூடாகவே பயன்படுத்தலாம், மழைக்காலத்தில் அவுட்டோருக்கு எட்ட ஒரு கொடி கட்டித் துணி காயப்போடுகிறவர்கள் செய்வது ரொம்பச் சரி. காற்றை அடைக்காமல் இருந்தால் போதும். (ஏசி தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றுவது வேறு. காயிலின் தூசியும் உலோகத் துகளும் அதில் வரும். டிஸ்டில்ட் வாட்டர் வாங்க ஆகிற காசு பெரிதில்லை.)

சரி, கரன்ட் போனால் என்னதான் செய்வது? 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரங்கள் சாய்ந்து நாள்கணக்கில் எங்கள் தெருவில் கரன்ட் இல்லை. பணமதிப்பிழப்பு நேரம், ஏடிஎம்மில் காசும் இல்லை. வீட்டில் அம்மாவுக்கு இன்சுலின். புயல் வருகிறது என்று தெரிந்ததும் ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டிலை அடுக்கி ஐஸாக்கி வைத்திருந்தேன். கரன்ட் போனதும் அதில் சிலதைத் தெர்மாகோல் மீன்பெட்டிக்கு மாற்றி, துணியில் சுற்றிய டப்பாவில் இன்சுலினை வைத்தேன். ஐஸை ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்தால் மருந்து கெட்டுவிடும். காசிமேட்டில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மீனை அப்படித்தானே காலங்காலமாகக் காப்பாற்றுகிறார்கள்.

ரெண்டு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 185 வாட்-ஹவர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 'சூட்டையும் கரன்டையும் ஒன்றாக ஒப்பிடாதே' என்று ஒருவர் வருவார். சரி ஐயா, உங்கள் வழிக்கே வருகிறேன். ஒரு பங்கு கரன்டில் ஃப்ரிட்ஜ் ஒன்றரைப் பங்கு சூட்டை வெளியேற்றும் என்று வைத்தால் 120 வாட்-ஹவர் கரன்டுக்குச் சமம். நாள் முழுக்கப் பெல்டியர் கொடுக்கிற 12 எங்கே, ரெண்டு பழைய பாட்டில் எங்கே. ஃப்ரிட்ஜுக்கு பேக்கப் என்றால் அது கரன்டாகத்தான் இருக்க வேண்டுமா?

ஃபேனுக்கு ஐஸ் ஆகாதுதான். பழைய ஃபேனை மாற்றி, குறைவாகக் கரன்ட் இழுக்கிற மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் போடுங்கள். 75 வாட்டுக்குப் பதில் 30 வாட். அதே இன்வெர்ட்டர் பேட்டரியில் இரட்டிப்புக்கும் மேல் ஓடும், வாடகை வீட்டை விட்டுப் போகும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். இன்வெர்ட்டரே வேண்டாம் என்றால் சார்ஜ் ஏற்றும் டேபிள் ஃபேன் ஒன்று, எமர்ஜென்சி பல்பு ரெண்டு, வைஃபைக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ். செட் டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைக்காமல் சுவிட்சில் அணையுங்கள். வீட்டில் நிஜமாக வீணாகிற கரன்ட் அதுபோன்ற இடத்தில்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் 'மிச்சம் பிடிச்சு எனக்கு என்ன லாபம்' என்று கேட்கிற வாடகைதாரர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 2016இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று கொண்டுவந்தார்கள். நாலு போர்ஷனுக்கு ஒரே மீட்டர் வைத்துவிட்டு, சப் மீட்டரில் முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்குகிற ஓனர்கள் எத்தனை பேர்! அந்த இலவசம் யார் வீட்டுக்குப் போகிறது? நான் முன்பு குடியிருந்த வீட்டில் பில்லைக் காட்டுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். அடுத்த மாதமே 'என் பொண்ணு வர்றா, வீடு வேணும்' என்றார்கள். பொண்ணு வரவில்லை, வேறு ஆள்தான் குடிவந்தார், வாடகையும் ஏற்றி. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உங்கள் ஃப்ரிட்ஜைப் போய்ப் பாருங்கள். போர்ஷன் வீடுகளில் சுவரோடு ஒட்டித் தள்ளி, மேலே துணி மூட்டை, பக்கத்தில் அரிசி டிரம் என்று வைத்திருப்பார்கள். என் மருமகன் அட்டை வைத்து மூடினானே, அதேதான். ஒரு சாண் முன்னால் இழுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காயிலில் இருக்கும் தூசியை பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், இறுக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றும் நேரம். சந்தேகம் இருந்தால் மாடலைக் கமெண்டில் போடுங்கள், சொல்கிறேன். பெல்டியர் தட்டு எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.