52 மைதானங்களில் 14தான் ஆகியிருக்கிறது, விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 59 வயது. பத்து வயதிலிருந்து கால்பந்துப் பைத்தியம். உலகின் முக்கிய மைதானங்கள் அத்தனையையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் 52 பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். பெரியது முதலில் என்ற வரிசையில் போகிறேன். இதுவரை 14 ஆகியிருக்கிறது. அதில் ஆறு இடங்களில் மேட்ச் பார்க்கவில்லை, உள்ளே சுற்றிக் காட்டும் டூர் மட்டும்தான். ‘அதெல்லாம் கணக்கில் சேராது’ என்கிறான் மகன். சிறுவயதில் முதன்முதலில் எழுதிய ஹைபரியை, லண்டனில் ஆர்சனல் கிளப்பின் பழைய மைதானத்தை, நான் போவதற்குள் மூடிவிட்டார்கள். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. இந்தப் பட்டியல் முடியப்போவதில்லை என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் வரிசையை இன்றைக்கே மாற்றுங்கள். எது முதலில் இல்லாமல் போகுமோ, அது மேலே வரட்டும். லண்டனில் 90,000 பேர் உட்காரும் இன்றைய வெம்ப்ளி 2007-ல் திறந்ததுதான். அது உங்களுக்காக இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். மிலான் நகரத்து சான் சிரோ காத்திருக்காது. 1926-ல் திறந்த மைதானம், ஏசி மிலான், இன்டர் இரண்டுக்கும் சொந்த வீடு. பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு, பழையதில் பெரும்பகுதியை இடித்துவிடுவதுதான் இப்போதைய திட்டம். 1990 உலகக் கோப்பைக்காக அங்கே மூன்றாவது அடுக்கு போட்டார்கள். அப்போது எழுப்பிய 11 உருளைக் கோபுரங்களையும், கூரையைத் தாங்கும் சிவப்பு உத்தரங்களையும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவை நிற்கும்போதே போய் அண்ணாந்து பார்த்துவிடுங்கள். உங்கள் நோட்டில் அடுத்த பெயர் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

டூர் விஷயத்தில் நான் உங்கள் மகன் பக்கம். காலி மைதானத்தில் நானும் நடந்திருக்கிறேன். உடைமாற்றும் அறையில் மாட்டியிருந்த சட்டைகளைப் பார்த்தேன், வீரர்கள் வரும் சுரங்க வழியில் நடந்தேன், புல்லை மிதிக்காதீர்கள் என்று கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேட்ச் நாள் என்பது வேறு. இருட்டான படிக்கட்டில் முன்னால் போகிறவரின் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு ஏறுவோம். கடைசிப் படியில் அவர் சற்று விலகியதும் ஒரு துண்டுப் பச்சை தெரியும். ஆட்டத்துக்கு முன்பு தண்ணீர் தெளித்த புல்லின் ஈரம் விளக்கில் மின்னும். அப்புறம்தான் சத்தம் காதில் விழும். ஜெர்மனியில் டோர்ட்மண்ட் கிளப் மைதானத்தின் தெற்குக் கேலரியில் சுமார் 25,000 பேர் நின்றபடியே ஆட்டம் பார்க்கிறார்கள். ஆள் இல்லாத நாளில் அது வெறும் கான்கிரீட் சரிவு.

ஒரே ஒரு விதிவிலக்கு தருகிறேன். புவனோஸ் ஐரிஸின் லா பொம்பொனேராவில் போகா ஜூனியர்ஸ் ஆடும்போது கிளப் உறுப்பினர்களுக்கே இடம் போதவில்லை. வெளியாட்களுக்கு டிக்கெட் குதிரைக்கொம்பு. மூன்று பக்கம் வளைந்து செங்குத்தாக எழும்பும் கேலரி, நாலாவது பக்கம் தட்டையான சுவர் போல ஒரு கட்டடம். ரசிகர்கள் குதிக்கும்போது அந்த மைதானம் நடுங்குவதில்லை, துடிக்கிறது என்பார்கள். அங்கே டூர் போனாலும் டிக் அடித்துக்கொள்ளுங்கள், மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கள்ள டிக்கெட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மற்ற இடங்களில் மேட்ச் பார்க்க எளிய வழி இருக்கிறது. பெரிய மோதலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், கோப்பைப் போட்டிகளின் ஆரம்பச் சுற்றுகளையும் பெண்கள் ஆட்டங்களையும் பாருங்கள். டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அது இரண்டாம் தரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் பார்சிலோனா பெண்கள் அணி வோல்ஃப்ஸ்பர்க்கோடு ஆடியபோது அந்தக் கிளப்பின் கேம்ப் நூ மைதானத்துக்கு வந்தவர்கள் 91,648 பேர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் 1892-லிருந்து இருக்கும் குடிசன் பார்க்கை விட்டு எவர்ட்டன் ஆண்கள் அணி 2025-ல் கிளம்பியது. இடித்துவிடுவார்கள் என்று எல்லோரும் நினைத்த அந்த மைதானம் இப்போது அதே கிளப்பின் பெண்கள் அணிக்கு வீடு. அதையும் பட்டியலில் சேருங்கள். இன்னொன்று, டிவி ஒளிபரப்புக்காக ஆட்டத் தேதிகளைக் கடைசி நேரத்தில் மாற்றுவார்கள். முன்னும் பின்னும் ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு விமான டிக்கெட் போடுங்கள்.

சரி, முடியாத பட்டியல் பற்றி. இங்கிலாந்தில் முதல் நான்கு லீக்குகளில் 92 கிளப்கள். அந்த 92 மைதானங்களிலும் மேட்ச் பார்த்தே தீருவது என்று கிளம்பும் ரசிகர்கள் அங்கே நிறையப் பேர். ஒவ்வொரு சீசன் முடிவிலும் கீழே இருந்து புதிய கிளப்கள் ஏறி வரும், சில கிளப்கள் புது மைதானத்துக்கு மாறும். 92-ஐயும் முடித்தவர் மறுபடி 90-லோ 91-லோ நிற்பார். உடனே அடுத்த சீசன் அட்டவணையைக் கையில் எடுத்துவிடுவார். உங்களுக்கும் அப்படித்தான் நடக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியாக ஹைபரி. அந்தப் பெயரை அடித்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. அடித்திருந்தால் திரும்ப எழுதுங்கள். ஆர்சனல் 2006-ல் அங்கிருந்து போனது உண்மை. ஆனால் கிழக்குக் கேலரியின் முகப்பு அப்படியே இருக்கிறது. கேலரிகள் இருந்த இடத்தில் குடியிருப்புகள், ஆடுகளம் இருந்த இடத்தில் தோட்டம். லண்டன் பாதாள ரயிலில் ஆர்சனல் நிலையத்தில் இறங்குங்கள். 1932-ல் கிளப்பின் பெயரை வைப்பதற்கு முன்பு அந்த நிலையத்தின் பெயர் கில்லெஸ்பி ரோடு. நடைமேடைச் சுவரின் ஓடுகளில் பெரிய எழுத்துகளில் அந்தப் பழைய பெயர் இன்னும் இருக்கிறது. ரயில் போகும்வரை நின்று அதைப் படித்துவிட்டு மேலே ஏறுங்கள். அங்கிருந்து கிழக்குக் கேலரிக்குச் சில நிமிட நடைதான். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.