ஹெட் மாற்றினால் வண்டி பறக்குமா?

இந்த இதழில் டட்சன் எல் வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினின் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உள்ள பகுதி) பற்றிய கேள்விகள்.

கேள்வி: என்னுடையது 1976 டட்சன் 280-இசட். இப்போதுள்ள ஹெட்டின் வார்ப்பு எண் என்42. 280-இசட்எக்ஸ் டர்போவிலிருந்து கழற்றிய பி90 ஹெட் ஒன்று கைக்கு வருகிறது. டர்போ சேர்க்கும் எண்ணம் இல்லை. ஹெட்டை மட்டும் மாற்றினால் இழுவை கூடுமா?

பதில்: கூடாது, குறையும். டர்போ ஹெட் என்ற பெயரைக் கேட்டுப் பலர் வாங்கிவிடுகிறார்கள். உங்கள் இன்ஜினில் இருப்பது நடுவில் குழி விழுந்த பிஸ்டன். அந்தக் குழி மட்டுமே சுமார் 10.9 சிசி பிடிக்கும். என்42 ஹெட்டின் எரி அறை 44.6 சிசி, பி90 ஹெட்டின் அறை 53.6 சிசி.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். 86 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 79 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) என்றால் ஒரு சிலிண்டர் 458.9 சிசி. நசுங்கிய கேஸ்கட்டின் தடிப்பு 1.2 மி.மீ., அதன் வளையம் 87 மி.மீ. என்று வைத்தால் இன்னும் 7.1 சிசி. பிஸ்டன் மேலே வரும்போது பிளாக் மட்டத்துக்குச் சமமாக நிற்பதாகக் கொள்வோம். என்42 ஹெட்டுடன் மேலே மிஞ்சும் இடம் 44.6 + 7.1 + 10.9 = 62.6 சிசி. 458.9 உடன் 62.6-ஐக் கூட்டி, 62.6-ஆல் வகுத்தால் கம்ப்ரெஷன் விகிதம் 8.3. பி90 போட்டால் அந்த இடம் 71.6 சிசி ஆகி, விகிதம் 7.4-க்கு இறங்கிவிடும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் இன்ஜினுக்கு 7.4 பொருத்தம், தானாக மூச்சிழுக்கும் இன்ஜினுக்கு அது சோம்பல்.

தட்டை பிஸ்டன் போட்ட, எஃப்54 என்ற வார்ப்பு எண் உள்ள பிளாக் கிடைத்தால் கதையே வேறு. பி90 உடன் ஏறத்தாழ 8.6 வரும், என்42 உடன் 9.9-ஐ நெருங்கும். பின்னதற்கு ஆக்டேன் கூடிய பெட்ரோல் வேண்டும். இக்னிஷன் டைமிங்கையும் கவனமாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்கும்.

புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பி ஹெட் வாங்காதீர்கள். முந்தைய உரிமையாளர் ஃபேசிங் போட்டிருந்தால் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி மட்டமாக்கியிருந்தால்) அறை சுருங்கியிருக்கும். வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, ஒரு துளை போட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி அறையின் மேல் ஒட்டுங்கள். துளை உள்ள பக்கம் சற்றே உயர்ந்திருக்கட்டும், காற்று அதன் வழியே வெளியேறும். பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த மண்ணெண்ணெயை விட்டு, குமிழி இல்லாமல் நிரம்பும்போது அளவைப் படியுங்கள். ஆறு அறைகளையும் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று 1 சிசி-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு சீட் வேலை ஏறுமாறாக நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 240-இசட் இன்ஜினில் (எல்24) என்42 ஹெட் உட்காருமா?

பதில்: போல்ட் துளைகள் பொருந்தும். ஆனால் எல்24 போர் 83 மி.மீ. தான். 240-இசட்டின் தொடக்க கால ஈ31 ஹெட்டில் இன்டேக் வால்வு 42 மி.மீ., எக்ஸாஸ்ட் 33 மி.மீ. என்42-இல் அவை 44, 35. பெரிய வால்வு திறக்கும்போது சிலிண்டர் ஓரத்தில் முட்டலாம். ஹெட்டைக் கவிழ்த்து, 83 மி.மீ. கேஸ்கட்டை டவல் (இடம் பிசகாமல் பிடிக்கும் முளை) துளைகள் நேராக இருக்கும்படி அதன் மேல் வைத்து, ஒவ்வொரு வால்வையும் முழு லிஃப்ட் வரை தள்ளிப் பாருங்கள். வால்வின் விளிம்பு வளையத்தைத் தாண்டினால் பிளாக்கின் மேல் ஓரத்தில் பிறைபோலச் சிறு வெட்டு போட வேண்டும்.

கேஸ்கட்டைப் பிளாக்கின் போரை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஹெட்டின் எண்ணை வைத்தல்ல. 86 மி.மீ. சிலிண்டரில் 83-க்கான கேஸ்கட் போட்டால் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டு கருகும்.

இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். இன்ஜெக்டருக்காக இன்டேக் வாயில் வெட்டிய பள்ளத்தைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டின் விளிம்பு முழுதாக மூட வேண்டும். எக்ஸாஸ்ட் போர்ட்டின் வடிவம் ஒத்துப்போக வேண்டும்: என்42, பி90 சதுரம், என்47, பி79 உள்ளே லைனர் போட்ட வட்டம். உங்கள் காரில் மெக்கானிகல் ஃபியூயல் பம்ப் இருந்தால், புது ஹெட்டில் அதற்கு இடமும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) முனையில் அதை ஆட்டும் எக்சென்ட்ரிக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: பழைய ஹெட் கேஸ்கட் பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதையே போடலாமா?

பதில்: வேண்டாம். ஒருமுறை நசுங்கிய கேஸ்கட் மறுபடி அதே மாதிரி அடைக்காது.

கேள்வி: ஹெட்டைத் தூக்கும்போது டைமிங் செயின் தளர்ந்து, உள்ளே ஏதோ ‘டக்’ என்றது. இப்போது செயின் இழுபடவே மாட்டேன் என்கிறது.

பதில்: செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பிளஞ்சர் வெளியே வந்துவிட்டது. முன் கவரைக் கழற்றாமல் அதை உள்ளே தள்ள வழியில்லை.

அடுத்த முறைக்காக ஒழுங்கைச் சொல்கிறேன். முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் உச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்: கிராங்க் புல்லியில் 0 குறி, முதல் இரண்டு கேம் லோப்களும் (கேமில் உள்ள மேடுகள்) முயல் காது போல மேல் நோக்கி. செயின் கண்ணியையும் ஸ்ப்ராக்கெட் பல்லையும் வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளமிடுங்கள். பிறகு கீழே ஒடுங்கிய மரப் பலகை ஒன்றைச் செயினின் இரு பக்கங்களுக்கும் நடுவே இறக்கி, டென்ஷனர் நகராதபடி லேசாகத் தட்டுங்கள். மேல் முனையில் கயிறு கட்டினால் பின்னர் இழுக்கச் சுலபம். ஆப்பு வைத்தால் நன்மை வரும் இடம் இது ஒன்றுதான். அதன் பிறகுதான் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் தொட வேண்டும். திரும்ப மாட்டும்போது அதற்கு 12 முதல் 16 கிலோகிராம்-மீட்டர்.

ஹெட் போல்ட் 14, 10 மி.மீ. ஆலன் கீ வேண்டும். ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இரண்டு நீளங்கள் உள்ளன, எனவே அட்டையில் துளை போட்டு அதே இடத்தில் குத்தி வையுங்கள். முன் கவரை ஹெட்டோடு பிணைக்கும் சிறு போல்ட்களை மறந்துவிட்டு நெம்பினால் கவரின் அலுமினியம் உடையும்.

மாட்டும் முன் ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட்டின் மட்டத்தைப் பாருங்கள்; 0.1 மி.மீ.-க்கு மேல் வளைந்திருந்தால் ஃபேசிங் வேண்டும். பிளாக்கின் போல்ட் துளைகளைக் காற்றடித்துச் சுத்தமாக்குங்கள். உள்ளே எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் டார்க் ரெஞ்ச் பொய்க் கணக்குக் காட்டும், சில சமயம் துளையே விரிசல் விடும். கேமையும் முதல் சிலிண்டர் நிலையில் வைத்துவிட்டே ஹெட்டை இறக்குங்கள். பிறகு தனியாகச் சுழற்றினால் மேலே நிற்கும் பிஸ்டனில் வால்வு முட்டி வளையும். நடுவிலிருந்து வெளியே 4, பிறகு 6, கடைசியாக 7 முதல் 8.5 கிலோகிராம்-மீட்டர் என மூன்று சுற்று இறுக்குங்கள். சில நிமிடம் ஓட்டி, ஆறிய பின் மறுபடி சரிபாருங்கள்.

ஃபேசிங் போட்ட ஹெட்டில் கேம் சற்றுக் கீழே வரும். செயின் தளர்ந்து, வால்வு திறப்பு தாமதமாகும். ஸ்ப்ராக்கெட்டில் மூன்று டவல் துளைகள் இதற்காகவே. 1-இலிருந்து 2-க்கு மாற்றினால் கிராங்க் கணக்கில் 4 டிகிரி முன்னே வரும்.

கேள்வி: வேறு ஹெட் மாட்டிய பிறகு மேலே ‘டிக் டிக்’ சத்தம். பொறுத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ.; சூடாக இருக்கும்போது 0.25, 0.30. சரியாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் ராக்கரின் (கேமின் தள்ளலை வால்வுக்குக் கொடுக்கும் நெம்பு) மேல் மார்க்கர் மை தடவிச் சுழற்றிப் பாருங்கள். கேம் உரசிய தடம் ராக்கர் முகத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்துக்கு ஓடினால் லேஷ் பேடின் (வால்வுத் தண்டின் உச்சியில் உட்காரும் சிறு வில்லை) தடிப்பு தவறு. வால்வு சீட்டைத் தேய்த்த பிறகு தண்டு மேலே எழும்பிவிடுவதால் இது சகஜம். ராக்கர்களை இடம் மாற்றிப் போட்டிருந்தாலும் இதே கோளாறு.

எண்ணெய் வழியையும் பார்க்க வேண்டும். சில கேம்களுக்கு லோப்பிலேயே துளை உண்டு, சிலவற்றுக்கு மேலே தனிக் குழாய் தெளிக்கும். துளையில்லாத கேமைக் குழாயில்லாத ஹெட்டில் போட்டிருந்தால் லோப் வறண்டு தேயும். பிளக்குகளைக் கழற்றி, வால்வு கவரைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றுங்கள். பன்னிரண்டு லோப்களும் நனைவதைக் கண்ணால் பார்க்கும் வரை கவரை மூடாதீர்கள்.